நஸ்ரியாவின் கிணறுகள்

புது டேட்டாபேஸ் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நஸ்ரியா அதனிடம் முதலில் கேட்பது விடை தெரிந்த கேள்வியைத்தான். பொங்கியண்ணன் தோட்டத்துக் கிணறு பல்லடம் எல்லைக்குள் இருக்கிறதா? இல்லை, இரண்டு வயல் தள்ளி வெளியே இருக்கிறது. அவளே வெயிலில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தது. "தெரிஞ்சதுலயே பொய் சொன்னா, தெரியாததுல என்னத்தைங்க நெசம் சொல்லப்போகுது?" என்பாள்.

காந்திபுரத்தில், போர்வெல் போட இடம் பார்த்துச் சொல்லும் சின்ன அலுவலகம் அது. வருஷம் 1999. நாலாயிரம் கிணறுகளையும் ஊர் எல்லைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வெளிநாட்டு மென்பொருளின் விலையைக் கேட்ட முதலாளி கிருபாசங்கருக்கு இரண்டு நாள் காபி இறங்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நஸ்ரியாவின் தலையில் விழுந்தது.

அவள் அதை ஆசையோடுதான் ஏற்றுக்கொண்டாள். "ஓசியில வேலை முடிஞ்சுதுன்னா, படம் வரைய இன்னொரு ஆளைப் போட்டுக்கலாம் அம்மணி" என்று கிருபாசங்கர் வாய் தவறிச் சொல்லியிருந்தார். அவள் கணவன் ரைஹான் படம் வரைகிறவன். மூன்று வருஷமாக மஸ்கட்டில் யார் யாருடைய வீட்டுக்கோ பிளான் வரைந்துகொண்டிருக்கிறான். கல்யாணமாகி இருவரும் சேர்ந்து இருந்தது நாற்பத்தோரு நாள். அதையும் அவள் விரல் விட்டு எண்ணாமலே சொல்வாள்.

கடைசியில் நின்றவை இரண்டு டேட்டாபேஸ்கள். மைஎஸ்க்யூஎல் படு வேகம். ஆனால் அதற்குக் கிணறு என்பது அட்சரேகை, தீர்க்கரேகை என்று வெறும் இரண்டு எண்கள், எல்லை என்றால் என்னவென்றே தெரியாது. போஸ்ட்கிரெஸ் புள்ளியைப் புள்ளியாகவும் எல்லையை எல்லையாகவும் அறியும். எது உள்ளே, எது வெளியே என்று அதுவே சொல்லும், ஆற அமர. வேகமானதை "ஏய், நீ சும்மா இரு" என்று அதட்டுவாள். மெதுவானதிடம் மட்டும் "சொல்லுங்க" என்று மரியாதை. பதில் வரும்வரை நிலக்கடலை உரிப்பாள், தின்னமாட்டாள்.

"இத்தன நேரமா?" என்று முதலாளி முகம் சுளித்தார்.

"மெதுவா வந்தா என்னங்க, வர்றது சரியா வந்தாப் போதுமுங்க."

அன்று அவர் கேட்ட ஒவ்வொரு கிணற்றுக்கும் சரியான பதில் வந்தது. "செரி அம்மணி, இதையே வெச்சுக்கலாம். உங்கூட்டுக்காரரை வரச்சொல்லுங்க" என்றார். நஸ்ரியா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் டெலிபோன் பூத்துக்கு ஓடினாள்.

சொல்லி முடித்ததும் மறுமுனையில் ரைஹான் சொன்னான்: "போன வாரந்தான் நஸ்ரியா, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுப்போட்டேன். தங்கச்சி கல்யாணம் இருக்குதல்ல…"

"செரிங்க. ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள். பூத்துக்கு வெளியே வந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதாள்.

மறுநாள் காலை, மீதிக் கிணறுகளை ஏற்றும் முன் இரண்டு புள்ளிகளை மட்டும் கொடுத்தாள். ஒன்று காந்திபுரம், இன்னொன்று மஸ்கட். இடைப்பட்ட தூரம் கேட்டாள். டிகிரிக் கணக்கில் பதில் வந்தது: இருபத்திரண்டு சொச்சம். கிலோமீட்டர் வேண்டுமென்றால் அதை நூற்றுப்பத்தால் பெருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் இருபத்திரண்டு என்றால் டவுன் பஸ் போகிற தூரம். பெரியநாயக்கன்பாளையம் தாண்டிக் கொஞ்சம் போனால் வந்துவிடும்.

பெருக்கவில்லை. திரையில் இருந்த அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள். முதலாளி உள்ளே வந்த பிறகும் எடுக்கவில்லை.