பிரஷர் அக்கா

ஞாயிற்றுக்கிழமை தும்சிஃபு அக்கா கடலில் கால் நனைக்க மாட்டார். அந்த நாளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் உலர்நாள். அப்படி ஓர் உலர்நாளில், படகோட்டி ஷொமாரியின் மனைவி மதியத் தொழுகைக்காக உள்ளே போன நேரம் பார்த்து, மூன்று மாதமாக ஓடாமல் கிடந்த அவள் தையல் மெஷினைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டினார். மேலே கிடந்த துணியை முன்போலவே போர்த்திவிட்டு எழுந்து போனார். பெருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. திங்கட்கிழமை அக்கா ஊருக்குப் போன பிறகுதான் மெஷின் ஓடுவது தெரிந்தது. போன் போட்டுக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்? நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்கும்" என்றார்.

அவர் மலையடிவார மோஷி ஊர்க்காரர். நாற்பத்தெட்டு வயது. அறுவைச் சிகிச்சைக் கருவிகளை நீராவியில் அவிக்கிற ஆட்டோகிளேவ் மெஷின்களைப் பழுது பார்ப்பது தொழில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டார் எஸ் சலாம் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வேலை இருக்கும். கூட வருகிறவர்கள் வேலை முடிந்ததும் கரியாக்கூ கடைத்தெருவில் துணி எடுக்கப் போவார்கள். இவர் சின்ன விமானத்தில் ஏறி மாஃபியா தீவுக்கு வந்து, ஷொமாரியின் படகில் உட்கார்ந்துவிடுவார்.

ஒரே நிறத்தில் இரண்டு பைகள் வைத்திருப்பார். ஒன்றில் ஸ்பேனர்கள். மற்றதில் கடலுக்குள் போட்டுக்கொள்ளும் கண்ணாடியும் துடுப்புச் செருப்பும். ஒருமுறை பெரிய டாக்டர் முன்னால் பையைத் திறந்தார். மஞ்சள் நிறத் துடுப்புச் செருப்பு இரண்டும் வெளியே வந்து விழுந்தன. டாக்டர் நிதானமாகக் கேட்டாராம்: "ஏம்மா, மெஷினுக்குள்ள அவ்வளவு தண்ணியா இருக்கு?"

கடலுக்கடியில் போவதும் மெஷினைப் பார்ப்பதும் அவருக்கு ஒரே வேலைதான். "ரெண்டும் பிரஷர்தானே அண்ணே. ஏத்துறது யாரு வேணா ஏத்தலாம். இறக்குறதுக்குத்தான் பொறுமை வேணும்." ஆழத்தில் காற்றை இழுத்துவிட்டு வந்தவர் முழுதாக ஒரு நாள் போகாமல் விமானம் ஏறக்கூடாது. ஏறினால், மூடி திறந்த சோடா பாட்டில் மாதிரி ரத்தம் நுரைத்துவிடும். அதற்காகத்தான் உலர்நாள். தீவில் எல்லோரும் அவரைப் பிரஷர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தண்ணீரில் குதிக்கும் முன் அவர் கண்ணை மூடி ஆண்டவரிடம் இரண்டு வார்த்தை பேசுவார். ஷொமாரி பிஸ்மில்லா சொல்வார். படகு ஒன்றுதான், கேட்கிறவனும் ஒருவன்தான் என்று ஷொமாரி நினைத்துக்கொள்வார்.

ஆறு வருஷமாக அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை: கொம்புத் திருக்கையைப் பார்க்க வேண்டும். வீட்டுக் கதவு இரண்டைச் சேர்த்து வைத்த அகலம் இருக்கும் அது. கினாசி என்ற குறுகிய கடல் வாய்க்கால் வழியாக ஏற்ற நீரோடு உள்ளே வரும். ஒவ்வொரு தடவையும் ஷொமாரி "நாளைக்குக் கண்டிப்பா வரும்" என்பார். அவர் மச்சான் அத்துமானிதான் அக்காவோடு கூடவே முக்குளிக்கிறவன். அவன் சிரிப்பான். "இவரு சொல்ற நாளை எந்தக் காலண்டர்லயும் இல்ல அக்கா."

போன தடவை வந்தபோது அக்கா சாவகாசமாக ஒரு சேதி சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வருகிறதாம். அதை விற்றவர்களே பழுதும் பார்த்துக்கொள்வார்களாம். "இனி எனக்கு நகரத்துல சோலி இல்ல அண்ணே. சோலி இல்லாம மோஷியிலருந்து இவ்வளவு தூரம் எப்படி வர்றது?" அந்தத் தடவை வெள்ளிக்கிழமை முழுக்கக் காற்று. படகை இறக்க முடியவில்லை. மிஞ்சியது சனிக்கிழமைக் காலையில் ஒரே ஒரு முக்குளிப்பு.

வாய்க்காலில் மிதவையில் படகைக் கட்டி, அக்கா சிலிண்டரை முதுகில் மாட்டியாயிற்று. அப்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்து சிஸ்டர் அட்டுபெலே. ஆட்டோகிளேவில் பிரஷர் ஏறவில்லை. அவித்து வைத்த கருவிகள் தீர்ந்துவிட்டன. சிசேரியனுக்கு இரண்டு தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். "மத்தியான விமானத்துல உங்களுக்கு சீட் போட்டாச்சு அக்கா, வந்துருங்க."

குதித்துவிட்டால் விமானம் ஏற முடியாது. அக்கா தண்ணீரை ஒரு தரம் பார்த்தார். சிலிண்டரைக் கழற்றி வைத்தார்.

"வர்றேன் சிஸ்டர். ஆனா நான் வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் அவங்க தாங்குவாங்களா? போனை மெஷின் கதவோரமா ஒரு சுத்து கொண்டு போ, எந்தப் பக்கம்னு சொல்லிக்கிட்டே. அண்ணே, எஞ்சினை நிறுத்துங்க."

கண்ணை இறுக்கி மூடி, ஒரு காதைக் கையால் பொத்தி, மறு காதில் போனை அழுத்திக்கொண்டார்.

"இடது பக்கம் கீழே சீறுது. நேத்து கதவு ரப்பரைக் கழட்டினீங்களா?"

"கழுவி மாட்டினோம் அக்கா."

"உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டிருக்கீங்க. இரு, இரு, தொடாதே. முதல்ல சுவிட்சை அணை. முள்ளு பூஜ்யத்துக்கு வரட்டும். அதுக்கு முன்னாடி கதவுல கை வச்சே, உன் மூஞ்சி வெந்து போயிரும்."

முள் இறங்கக் கால் மணி நேரம். ரப்பரைத் திருப்பி மாட்டக் கொஞ்ச நேரம். மறுபடி பிரஷர் ஏறவேண்டும். ஏறும் சத்தம் காதில் கேட்கும்வரை அக்கா கண் திறக்கவில்லை. உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அது வந்தது. படகுக்கு நேர் கீழே, நீர்ப்பரப்பை உரசாத குறையாக, கறுப்புப் பாயை விரித்த மாதிரி. கொம்பு இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. அவசரமே இல்லை அதற்கு. படகை ஒரு சுற்று சுற்றியது.

அத்துமானி ஷொமாரியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "மச்சான், அக்காவைத் தொட்டுச் சொல்லவா?" என்று மூச்சுக்காற்றில் கேட்டான்.

ஷொமாரியின் கை அக்காவின் தோள் வரைக்கும் நீண்டது. ஆறு வருஷத்து வாக்கு. இனி அவர் வரப்போவதும் இல்லை. போனிலிருந்து சன்னமாக ஒரு சீறல் வந்துகொண்டிருந்தது. அது குறைகிறதா என்று அக்கா முகம் சுளித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷொமாரி கையை மடக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சும்மா இரு. அங்க ரெண்டு தாய்."

திருக்கை ஒருமுறை புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டு, ஆழத்துக்குள் போய் மறைந்தது.

சற்று நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்தார். "ஏறிருச்சு. ஆண்டவருக்குத் தோத்திரம். விமானம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க." சிலிண்டரை எட்டி எடுத்தவர், மிதவையின் கயிறு வேறு பக்கம் இழுபட்டுக் கிடப்பதைக் கண்டார். நீர் வெளியே வடிகிற வற்றம் தொடங்கியிருந்தது. இனி இறங்கினால் பெருங்கடலுக்கே இழுத்துப் போய்விடும். சிலிண்டரைத் திரும்ப வைத்தார். பிறகு டப்பாவைத் திறந்து மூவருக்கும் எண்ணெயில் பொரித்த மந்தாசி ரொட்டியைப் பங்கு போட்டார்.

ஷொமாரிக்கு அதைத் தின்னவே முடியவில்லை. ஞாயிறு முழுக்க அக்காவின் கண்ணில் படாமல் வலை பின்னினார்.

திங்கட்கிழமை விமானத் தளத்தில் பையை இறக்கி வைத்தபோது சொல்லிவிட்டார். "அக்கா, அது வந்துச்சு. நீங்க போன்ல இருந்தப்ப. படகுக்குக் கீழே சுத்திட்டுப் போச்சு. நான்தான் சொல்லல. என்னை மன்னிச்சிருங்க."

அக்கா குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையைத் திறந்து கடல் கண்ணாடியை எடுத்து, ஷொமாரியின் கழுத்தில் மாலை மாதிரி மாட்டினார்.

"அடுத்த தடவை வந்துச்சுன்னா, அக்கா டூட்டியில இருந்தாங்கன்னு அதுகிட்டச் சொல்லுங்க. லீவு போட்டுட்டு வருவாங்களாம்."