வெள்ளை மேலே, சிவப்பு கீழே

‘பகிடி’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. நான் தடைசெய்துவிட்டேன். கேலி, வேடிக்கை, நையாண்டி, சீண்டல் என்று மற்ற ஊர்த் தமிழில் தனித்தனியே இருப்பவை எல்லாம் யாழ்ப்பாணத்தில் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடும். ஒருவரை எவ்வளவு நோகடித்தாலும் ‘பகிடிக்குச் சொன்னது’ என்றால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு குற்றவாளி கோபப்பட்டவர்தான். நூலகத்தில் வேலைசெய்யும் ஒருத்தி ஒரு சொல்லின் மீது இவ்வளவு பகை வைத்திருப்பது எனக்கே விநோதமாகப் படுகிறது. ஆனாலும் வைத்திருக்கிறேன்.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின் என் தங்கை வன்னியிலிருந்து பிரான்சுக்கு, எங்களிடம் வந்து சேர்ந்தாள். முகாமில் இருந்தவள், பிறகு மீள்குடியேற்றக் காணியில் தகரக் கொட்டகையில் இருந்தவள். என் கணவர் அவளுக்கென்று ஒரு குளிர் மேலங்கியை வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு அழைத்துவரப் போனார். அளவு தெரியாமல் வாங்கியது, தைத்ததுபோல் பொருந்தியது. அந்த மனிதரைப் பற்றி நான் இனி எழுதப்போவதற்கு முன் இதையும் எழுதிவைப்பது நியாயம்.

பாரிஸின் புறநகரான சார்செலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், முதல் சில மாதங்கள் அவள் தபால்பெட்டி வரைக்குமே இறங்கி வந்தாள். பிறகு என்னோடு ரயிலேறினாள். பிறகு தனியாக. காரே து நோர் நிலையத்தில் இறங்கி தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு நடந்து, என் கணவர் கல்லாவில் இருக்கும் மரக்கறிக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரும் அளவுக்குத் துணிந்தாள். கடைக்கு எதிரே சேலைச் சட்டை தைக்கும் அம்மா ஒருவர் இருந்தார். தங்கை தைத்த ஒரு சட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கோடை விடுமுறை முடிந்ததும் வந்து இரண்டாவது மெஷினில் உட்காரச் சொன்னார். தனக்கென்று ஒரு சம்பளம், அதன் பின் தனக்கென்று ஓர் அறை. அவள் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் லாச்சப்பல் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் ‘அறை வாடகைக்கு’ அறிவித்தல்களை நின்று வாசிக்கத் தொடங்கியிருந்தாள். 

அந்தக் கோடையில் எங்கள் நூலக ஊழியர்கள் சேர்ந்து ஆல்ப்ஸ் மலையில் ஒரு சிறிய கிராமத்தில் ஒரு கிழமைக்கு விடுதி எடுத்தார்கள். நாங்கள் மூவரும் போனோம். யாழ்ப்பாணத்தவருக்கு மலை என்பது பூமிசாத்திரப் பாடத்தில் வருவது. எங்கள் ஊரில் ஏறுவதற்கு இருந்தது பனைதான். கிராமத்தில் ஒரு தேவாலயமும், எந்நேரமும் நீர் விழும் ஒரு கல்தொட்டியும், தொட்டியருகே மஞ்சள் பலகைகள் பூட்டிய ஒரு கம்பமும் இருந்தன. அந்தப் பலகைகளில் தூரம் எழுதப்படுவதில்லை. நடக்க எடுக்கும் நேரமே எழுதப்பட்டிருக்கும். தங்கைக்கு அது பிடித்திருந்தது. இது மனிதரைக் கேட்டு எழுதியது என்றாள்.

முதல் நாட்களில் தாழ்வான பாதைகளில் நடந்தோம். பசுக்களின் கழுத்துமணி கேட்டுக்கொண்டே இருந்தது. நான் காலை எடுத்த இடத்திலேயே அவள் தன் காலை வைத்து வருகிறாள் என்பதை இரண்டாம் நாளில் கவனித்தேன். அகன்ற பாதையிலும் அப்படியே. சின்ன வயதில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் வருவாளே, அதுபோல் என்று நினைத்து எனக்கு மனம் இளகியது.

மூன்றாம் நாள் உயரப் பாதையைப் பிடித்தோம். வழிகாட்டியாக வந்த பெண் நேரத்தில் கண்டிப்பானவர். மதியத்துக்குப் பின் இடி இறங்கும், அதற்குள் கணவாயைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்று விறுவிறுவென முன்னே போனார். அங்கே கற்களிலும் மரத்தண்டுகளிலும் இரண்டு பட்டைகள் தீட்டப்பட்டிருக்கும்: மேலே வெள்ளை, கீழே சிவப்பு. ‘நீ போகும் வழி சரி’ என்பது அதன் பொருள். பிரான்சில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் விளக்குவதில்லை.

முதற் கல்லைக் கண்டதும் தங்கை நின்றுவிட்டாள். குனிந்து, தொடாமல், அதையே பார்த்தாள்.

“வெள்ளை மேலை கிடக்கு, சிவப்பு கீழை கிடக்கு. எந்தப் பக்கம் அக்கா?”

எனக்கு விளங்கவில்லை. பாதைக் குறி என்று சொன்னேன். அவள் ‘ஓம்’ என்றாள், நகரவில்லை. அந்த நேரத்தில் என் கணவர் பாதையை விட்டு விலகி, சரிவில் இருந்த புதர்களில் காட்டுப்பழம் பறிக்க இறங்கிக்கொண்டிருந்தார்.

“அத்தான், அங்கை கால் வையாதேங்கோ,” என்றாள். உரக்கச் சொல்லவில்லை. “திரும்பாமல், வந்த அடியிலையே பின்னாலை வாங்கோ.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவருக்கும் விளங்கியது. அவள் குடியேறிய காணியில், கண்ணிவெடி அகற்றியவர்கள் நட்ட கட்டைகளின் தலையில் வெள்ளை பூசியிருந்தால் துப்புரவாக்கிய நிலம், சிவப்பு என்றால் அந்தப் பக்கம் போகக் கூடாது. தொலைபேசியில் அவளே எங்களுக்குச் சொன்னதுதான். விளங்கிய பிறகும் அவர் சிரித்தார். “என்ன மச்சாள், இது பிரான்ஸ்,” என்று சொல்லி, புதர் நடுவில் நின்று வலது காலைத் தூக்கி நிலத்தில் ஓங்கி உதைத்தார். பிறகு இன்னொரு முறை. தங்கை காதுகளைப் பொத்திக்கொண்டு பாதையில் குந்தினாள்.

வழிகாட்டி திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தார். என் சகஊழியர்கள் தலையைச் சரித்து, நாயை இழந்தவரிடம் காட்டும் அந்தப் புன்னகையைக் காட்டினார்கள். நானும் தங்கையும் கீழே இறங்கினோம். என் கணவர் கணவாய்க்குப் போனார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பாராமல் போவதா என்றார். கல்தொட்டியருகே உட்கார்ந்து அவள் முகம் கழுவினாள்.

“அந்தச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு இருந்தனான் அக்கா,” என்றாள். “இன்னும் வரேல்லை.” 

அதோடு அது முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

விடுமுறை முடிந்தது. லாச்சப்பலில் கடைக்கு முன்னால் எரிவாயுக் குழாய்க்காக நடைபாதையைத் தோண்டியிருந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் தடுப்புகள் வரிசையாக நின்றன. வேலைக்குச் சேர்வதற்கு முதல் வெள்ளிக்கிழமை தங்கை கடைக்குப் போனாள். வீடு திரும்பியவளின் கையில் பை இல்லை. “தையல் வேலைக்கு நான் வரேல்லையெண்டு அந்த அம்மாவிட்டைச் சொல்லிவிடுங்கோ,” என்றாள். காரணம் கேட்டேன், தலை வலிக்கிறது என்று அறைக்குள் போனாள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தபால்பெட்டிக்குக்கூட இறங்கவில்லை.

காரணத்தைத் தையல்கார அம்மாதான் தொலைபேசியில் சொன்னார். தன் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். கடையில் பெட்டி இறக்கும் மனிதர் தங்கையைக் கண்டதும் தடுப்பைக் காட்டி, “பிள்ளை, கவனம். சிவப்பு வெள்ளை கட்டிக்கிடக்கு, தாண்டி வராதையும்,” என்றாராம். உள்ளே நின்றவர்கள் சிரித்தார்களாம். இன்னொருவர், “தங்கச்சி, வெள்ளையிலை நிக்கிறீரோ சிவப்பிலையோ?” என்று கேட்டாராம். அவள் வெண்டிக்காய்ப் பையைத் தடுப்பின் மேலேயே வைத்துவிட்டு நிலையத்தை நோக்கி நடந்தாளாம். என் கணவர் கல்லாவில் இருந்தார். சிரித்தாரா இல்லையா என்பதைத் தன்னால் அங்கிருந்து பார்க்க முடியவில்லை என்றார் அம்மா. அவர் நல்ல பெண்மணி.

அன்று மாலை என் கணவரைச் சமையலறையில் உட்காரவைத்தேன். நான் இலகுவில் குரல் உயர்த்துபவள் அல்ல, அன்றும் உயர்த்தவில்லை.

“பகிடிதானே, நீர் ஏன் உதைப் பெரிசாக்கிறீர்?” என்றார்.

மலையில் நடந்ததென்று அவர் கடையில் சொன்ன கதையை எனக்கும் சொல்லச் சொன்னேன். முதலில் மறுத்தார், பிறகு சொன்னார். அவர் கதை சொல்வதில் வல்லவர். சனிக்கிழமைகளில் சாமான் வாங்கி முடித்தவர்களும் அவர் பேச்சுக்காக நிற்பார்கள். மலை வந்தது, பசு வந்தது, கடிகாரத்தைப் பார்க்கும் பெண் வந்தார். பிறகு மச்சாள் கல்லில் பெயின்ரைக் கண்டாள், கண்டதும் குந்திவிட்டாள். கதை முடிந்தது.

“நீங்கள் நிலத்திலை உதைச்சது எங்கை?” என்று கேட்டேன்.

“அது கதைக்குத் தேவையில்லை,” என்றார். 

என் வாழ்வில் எத்தனையோ புத்தகங்களை வாசித்திருக்கிறேன். வேண்டியதை விட்டுவிட்டு எழுதப்பட்டவை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் என் சமையலறையில், என் கதிரையில் உட்கார்ந்து ஒருவர் அதை இவ்வளவு நேராகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பெண் காரணமில்லாமல் குந்தினால் சிரிப்பு வரும். அவளுக்கு முன்னால் ஒருவர் உதைத்தார் என்றால் வராது. ஆகவே உதையை எடுத்துவிட்டார். போர் நடந்த எந்த நாளிலும் அந்த நிலத்தில் நிற்காதவர், நின்றவளைப் பைத்தியம்போல் ஆக்கி, அதில் ஒரு கடைக்கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். 

“தொடங்கின இடத்திலையே முடிக்கவேணும்,” என்றேன். “அதே ஆக்களுக்கு. உதைச்சதையும் சேர்த்து. நான் வந்து நிப்பன்.”

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் கூடையோடு நின்றேன். கூட்டம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு கல்லா விசைகளைப் பார்த்தார். “அந்த மலைக் கதை,” என்று தொடங்கியதுமே ஒருவர் பழக்கத்தில் சிரித்தார். என் கணவர் தொடர்ந்தார், வழக்கமான சுருதி இல்லை. மச்சாள் அங்கே கால் வைக்க வேண்டாம் என்று கெஞ்சியதைச் சொன்னார். தான் சிரித்ததைச் சொன்னார். “நான் காலாலை நிலத்திலை உதைச்சனான். ரெண்டு தரம்,” என்று சொல்லி நிறுத்தினார்.

பெட்டி இறக்கும் மனிதர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். “ஏன் அண்ணை உதைச்சனீங்கள்?” என்று கேட்டார். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. உண்மையிலேயே அறியக் கேட்டார். முருங்கைக்காயை நிறுக்கக் கொடுத்தேன், காசு கொடுத்தேன், புறப்பட்டேன். 

வீட்டில் தங்கையிடம் நடந்ததைச் சொன்னேன். “அத்தான் தானாச் சொன்னவரோ, நீங்கள் சொல்ல வைச்சனீங்களோ?” என்று கேட்டாள். நான் சொல்லவைத்தேன் என்றேன். தலையை ஆட்டினாள். திங்கட்கிழமை காலை, நான் எழுந்தபோது தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அவள் அந்த மெஷினில்தான் தைக்கிறாள். இன்னொரு புறநகரான செவ்ரானில் சொந்தமாக ஓர் அறை இருக்கிறது. இரண்டு கோடைகளில் நானும் அவளும் மட்டும் அந்த மலைக் கிராமத்துக்குப் போய் வந்தோம். மஞ்சள் பலகைகள் காட்டும் தாழ்வான பாதைகளிலேயே நடந்தோம், மேலே போகவில்லை. பெட்டி இறக்கும் மனிதர் ஒரு நாள் தையற்கடை வாசலுக்கு வந்து ஒரு பை மாம்பழம் வைத்துவிட்டுப் போனாராம். என் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் அதை வற்புறுத்துவதும் இல்லை.

நிலையத்திலிருந்து வருகையில் அவள் எதிர்ப்பக்க நடைபாதையாலேயே வருவாள். மரக்கறிக் கடைக்குள் கால் வைப்பதில்லை. குழாய் வேலை முடிந்து தடுப்புகளை எடுத்துப் பல காலமாகிறது. ஒரு நாள் நான் கடை வாசலில் நின்றபோது, என் கணவர் வெளியே வந்து, தெருவுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று கேட்டார்.

அவள் நின்றாள். தெரு இரைச்சலுக்கு மேலாகக் கேட்கும்படி, மரியாதை குறையாமல் சொன்னாள்:

“இந்தப் பக்கந்தான் அத்தான் வெள்ளை.”