ஸ்பூன் அக்கா ஏலம் கேட்கிறார்

"மெஷின் பக்கத்துல ஒரு ஸ்பூனை வச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க" என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பிவிட்டு, பாபினில் நூல் சுற்றத் தொடங்குகிறார் தையல்கார அக்கா. இணைய ஏலத்தில் யார் எதை விற்றாலும் அவருடைய ஸ்பூனிலிருந்து தப்ப முடியாது. படத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் சுடலாம். சுட்ட படத்துக்குள் ஸ்பூன் வைக்க முடியாதே! தெருவில் பாதிப் பேருக்கு அவர் 'ஸ்பூன் அக்கா'. கட்டிலோ சைக்கிளோ, ஏலம் கேட்பதற்கு முன் போனை அவரிடம் நீட்டிவிட்டுத்தான் மறுவேலை.

"மெஷின் வாங்கறியா, மாப்பிள்ளை எடுக்கறியா?" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

"மாப்பிள்ளைக்கு ஸ்பூன் வைக்காம விட்டதுதான் தப்பாப் போச்சு."

முன்பொரு முறை மலிவாக வருகிறதே என்று ஒரு மெஷினை ஏலத்தில் எடுத்தார். வந்து சேர்ந்தது மெஷினைப் போர்த்தும் உறை மட்டும். விளம்பரத்தின் கடைசி வரியில், எறும்பு எழுத்தில், அதைச் சொல்லித்தான் இருந்தார்கள். இப்போது அந்த உறைக்குள் இஸ்திரிப் பெட்டி தூங்குகிறது. அக்காவோ எந்த விளம்பரத்தையும் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போகிறார்.

போன வாரம் அவருடைய ஓவர்லாக் மெஷின் உயிரை விட்டது. துணியின் ஓரம் பிரியாமல் பூட்டுவது அதுதான். மேசையில் ஆஸ்பத்திரி நர்சுகளின் கோட்டுகள் மலையாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமை கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் தெருமுனையிலிருக்கும் பெரிய தையல் கடைக்குப் போய்விடும்.

ஏலத்தில் முதலில் கண்ணில் பட்டது பளபளவென்று ஒரு மெஷின், அடிமாட்டு விலை. விற்பவர் தேனாகப் பேசினார்: "ஏலமெல்லாம் எதுக்குக்கா? நேரா என் கணக்குல போட்டுடுங்க, நாளைக்கே வீட்டுக்கு வந்துடும்." அக்கா ஸ்பூன் கேட்டார். சொல்லி வைத்தாற்போல் ஸ்பூனோடு படம் வந்தது.

"வச்சிட்டான்ல? இன்னும் என்ன?" என்றார் கணவர்.

அக்கா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "மெஷினுக்கு நிழல் விழுது. ஸ்பூனுக்கு விழல. பேய் ஸ்பூன் போலிருக்கு."

அடுத்தது மங்கலான படம். விற்ற அம்மாள், "ஸ்பூனெல்லாம் கழுவப் போட்டிருக்கு, கரண்டி பரவால்லையா?" என்று கேட்டார். கரண்டி வந்தது, நுனியில் எதுவோ ஒட்டியபடி. பின்னால் அதன் நிழல் அழகாக நீண்டு படுத்திருந்தது. கந்தல் துணியில் மெஷின் ஓடும் வீடியோவும் வந்தது. அக்காவுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

ஆனாலும் ஓர் எல்லை உண்டு. கோட்டுகளுக்கு வரும் கூலியைத் தாண்டி ஒரு பைசா ஏறக்கூடாது. அதைக் கணவரிடம் வாய்விட்டுச் சொன்னார். ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் தோலுறையை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தடித்த தோல் பட்டால் போன் திரைக்குச் சொரணை வராது. எல்லை வந்ததும் விரலைப் பூட்ட அதுதான் அவருடைய பூட்டு.

அக்கா ஏற்ற ஏற்ற, முகம் தெரியாத ஒருவரும் விடாமல் ஏற்றினார். எல்லை வந்தது. எதிராளி அதையும் தாண்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தேன். வேலை கையவிட்டுப் போயிடும்டி."

"ஏத்தறது யாருன்னு கண்டீங்களா? வெலைய ஏத்திவிட உக்காந்திருக்கற கரண்டியம்மாவோட தம்பியாக்கூட இருக்கலாம்."

"நெஜமாவே வாங்க வந்தவனா இருந்தா?"

"நல்லாருக்கட்டும்."

வாய் சொல்லிவிட்டது. விரல் மட்டும் இன்னும் திரைக்கு மேலேயே நின்றது. கணவர் அதையே பார்த்தார். திரையில் நொடிகள் கரைந்தன.

அக்கா தோலுறையை விரலில் மாட்டினார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு கோட்டை மடியில் இழுத்துப் போட்டு, அதன் ஓரத்தில் ஊசியை இறக்கினார். நூல் கோத்த இன்னோர் ஊசியைத் தலை நிமிராமலே கணவர் பக்கம் நீட்டினார்.