பாலம்மாளின் நாற்பது குச்சி

பாலம்மாள் தீக்குச்சியை எண்ணிப் போடுவதில்லை. குவியலில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தால் நாற்பது இருக்கும். கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி ஆபீசில் அப்படியொரு கை அவளுக்கு மட்டும்தான். அடைத்த பெட்டிகளைச் சரிபார்ப்பது என் வேலை. பதினெட்டு வருடத்தில் அவள் அடைத்ததை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

போன தை மாதம் புகார் வந்தது. பிரித்தேன். ஒன்றில் முப்பத்திரண்டு, இன்னொன்றில் நாற்பத்தேழு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யக்கா, தூங்கிக்கிட்டா அடைக்குதீங்க?"

"விரலு மரத்துப்போச்சு அண்ணாச்சி. குச்சி கையில இருக்கதே தெரிய மாட்டேங்கு," என்றாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஆனாலும் நான் அண்ணாச்சிதான்.

குச்சி மருந்துதான் விரலைத் தின்றுவிட்டது என்று எல்லாரும் தீர்ப்பு எழுதினோம். விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டாள். மாசியில் நடையும் தடுமாறியது. முதலாளி ஆளை நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சி, லேபிள் ஒட்டும் இடத்துக்கு அவளை மாற்றிவிட்டு, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சத்யபிரியா ரத்தத்தைச் சோதித்தார். "குச்சி மருந்து காரணம் இல்ல. பி12 சத்து ரொம்பக் குறைஞ்சிருக்கு. இன்னும் தள்ளிப்போட்டா விரலுக்கு உணர்ச்சி திரும்பாது. பால், முட்டை, கறி எதுவும் சாப்பிடுறதில்லையா?"

இல்லைதான். ஏழு வருடத்துக்கு முன் மகன் செல்வக்குமார் லாரியில் அடிபட்டுக் கிடந்தபோது, அவன் பிழைத்தால் கறி, மீன், முட்டையோடு தனக்கு உயிரான பாலையும் தயிரையும் விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்தான். பசுவந்தனையில் வீட்டில் இரண்டு மாடு. கறந்து பால் சொசைட்டிக்கு ஊற்றுவாள், நாக்கில் படவிடமாட்டாள். பெயர் மட்டும் பாலம்மாள்.

"இனி சாப்பிடுங்கம்மா."

"கை போனா போவுது. எம்மவன் இருக்கட்டும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது.

டாக்டர் ஊசி மருந்தை எடுத்தார். செக்கச் சிவப்பு. பாலம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆட்டு ரத்தமா?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நூறு வருடம் முன்பு வரை, இந்தச் சத்து உடம்பில் சேராதவர்கள் செத்துத்தான் போனார்கள். பிறகு தினமும் ஈரலைத் தின்னக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். ஈரலில் இருந்த சத்து எது என்று பிரித்தெடுக்க இன்னும் இருபது வருடம் ஆனது. அதன் நிறமே சிவப்பு. இப்போது தொட்டியில் நுண்கிருமியை வளர்த்து எடுக்கிறார்கள்.

"கிருமி கறியில சேத்தியா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "இல்லம்மா. ஆடு மாடு எதுவும் இதுல இல்ல."

"அப்ப போடுங்க."

ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, அப்புறம் வாரம் ஒன்று. பங்குனி முடிந்தது, விரலில் உணர்ச்சி திரும்பவில்லை என்றே சொல்லலாம். முதலாளி என்னை முறைத்தார்.

சித்திரையில் ஒருநாள் குச்சிக் குவியல் பக்கமிருந்து கூப்பிட்டாள். நான் பார்க்காதபோது பழையபடி கைவிட்டுப் பார்த்திருக்கிறாள். ஆள்காட்டி விரலில் மரச் சிலாம்பு ஏறி, பொட்டு ரத்தம்.

"வலிக்கு அண்ணாச்சி," என்றாள். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

சிலாம்பை எடுக்க ஊசி தேடி எழுந்தேன்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றாள்.