ஐம்பத்திரண்டாம் நாளின் கோடு

இந்த நாட்டில் விழுந்த பல்லுக்கும் ஓர் உறை உண்டு. போன பனிக்காலத்தில் ஒரு நாள் என் மகள் மலர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவளுடைய கோட்டுப் பையில் தீப்பெட்டி அளவில் ஒரு பழுப்புக் காகித உறை இருந்தது. அதன்மேல் ஆசிரியையின் குண்டு எழுத்தில் அவள் பெயர், தேதி, "காலை பத்தே முக்கால், ஆப்பிள் தின்றபோது" என்ற குறிப்பு. உள்ளே கீழ்வரிசை முன்பல் ஒன்று. எங்கள் அரியலூர்ப் பக்கத்தில் பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம், அதோடு சரி. எத்தனை மணிக்கு, எதைத் தின்றபோது என்று யார் எழுதி வைத்தார்கள்? நான் சமையலறையில் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாணிக்கு எங்கே போவது? மூன்று மாடிக்கு மேலே இருக்கும் கூரையோ வீட்டுச் சொந்தக்காரருடையது, பாதி வருஷம் ஈரம். கல்லங்குறிச்சியில் இருக்கும் அக்காவுக்கு விமானத் தபாலில் அனுப்பி அவள் வீட்டுக் கூரைமேல் எறியச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும், பல்லைத் தபாலில் அனுப்பினால் சுங்கத்தில் பிடிப்பார்களோ என்று யோசிக்க ஆரம்பித்தேன். நான் அப்படித்தான்.

அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். அவர் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் சிமெண்டு ஆராய்ச்சி செய்கிறார். நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை மரப்பெட்டியில் கப்பலேற்றி வரவழைத்து, சுட்டு, பொடித்து, கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் வைத்து உடைக்கிறார். ஒரு கட்டியை ஏழாம் நாள் உடைக்கவேண்டும், இன்னொன்றை இருபத்தெட்டாம் நாள். எந்தக் கட்டிக்கு எத்தனை நாள் வயது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மகளின் வயதைக் கேட்டால் மட்டும், "அஞ்சா, ஆறா?" என்று என் முகத்தைப் பார்ப்பார். மலர் பிறந்தபோது அவர் இங்கே இருந்தார். அவள் முதல் தடவை தன் அப்பாவைப் பார்த்தபோது நாலு வயதுக் குழந்தை, என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பல்லா? குடு, குடு," என்றார். "எங்க கட்டடத்துலயே மேல்மாடியில மார்ஜரின்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. புள்ளைங்களோட பால்பல்லத்தான் அறுத்துப் பாக்குறாங்க. அறுக்கறது எங்க ரம்பத்துலதான். நான் அரியலூர்க் கல்ல அறுக்கற அதே வைர ரம்பம். ஊர்லேருந்து வந்த பல்லுன்னா கொத்திக்கிட்டுப் போவாங்க."

"அக்காவுக்கு அனுப்பலாம்னு இருக்கேங்க. கூரையில போட."

"கூரையில போட்டா காக்கா கூடத் திங்காது. ஆராய்ச்சிக்காவது ஆகட்டுமே."

இப்படித்தான் பல் போயிற்று. மறுநாள் பல்லுக்குப் பதிலாக ஒரு படிவம் வந்தது, நான்கு பக்கம். கருவுற்ற காலத்தில் குடித்த தண்ணீர் கிணறா, குழாயா? காய்ச்சியதா? தாய்ப்பால் எத்தனை மாதம்? இடையில் வேறு பால் உண்டா? முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்கு ஏதாவது நோய் வந்ததா, வந்திருந்தால் எந்த நாளில்? கடைசிக் கேள்வியில் என் பேனா நின்றது. அதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது. மற்றதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. இந்தப் படிவத்தை அவர் படித்துவிட்டுத்தான் எடுத்துப் போவார்.

நம் ஊரில் அறிவியல் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கல்லூரியில் எங்களுக்கு ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. வேதியியல் சோதனைச் சாலையில் கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் அளவைக் குறிக்கவேண்டும். மூன்று முறை செய்தால் மூன்று முறையும் ஒரே அளவு வரவேண்டும் என்பது விதி. வராது. கை நடுங்கும், கண் ஏமாற்றும். ஆனால் சரியான விடை என்னவென்று முந்தைய வருஷத்து அக்காமார்கள் சொல்லியிருப்பார்கள். ஆகவே பத்து புள்ளி இரண்டு, பத்து புள்ளி இரண்டு, பத்து புள்ளி இரண்டு. நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறையும் என்பதால் முதலில் பென்சிலில், பிறகு மையில். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை. சுத்தமாக எழுதுகிறோம் என்றுதான் நினைத்தோம். அந்தப் படிவத்தையும் அப்படித்தான் நிரப்பினேன். தண்ணீர் காய்ச்சியது. தாய்ப்பால் ஒன்பது மாதம், இடையில் வேறு பால் இல்லை. நோய் எதுவும் இல்லை. பென்சிலில் எழுதி, மையில் எழுதி, பென்சிலை அழித்தேன். அவர் படித்துவிட்டு, "பரவாயில்லையே, அச்சடிச்ச மாதிரி இருக்கு," என்றார்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் மார்ஜரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு சனிக்கிழமை முற்பகல் போனேன். மலரைக் கீழ்மாடியில் அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு மேலே ஏறினேன். டாக்டர் நரைத்த தலையும் சாயம் போன கம்பளிச் சட்டையுமாக இருந்தார். வந்ததும் வராததுமாக என்னை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார். பல்லை மெல்லிய சீவலாக அறுத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். உள்ளே வெட்டிய மரத்தில் தெரிவதுபோல வரிகள். கருவில் இருக்கும்போதே பால்பல் உருவாகத் தொடங்கிவிடுகிறதாம், நாளுக்கு ஒரு வரி வீதம். "இந்தத் தடித்த கோடு அவள் பிறந்த நாள்," என்றார் டாக்டர். பிறப்பின் அதிர்ச்சி பல்லில் கோடாக விழுமாம். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினார். இன்னொரு கோடு. "இங்கே பாருங்கள், எவ்வளவு அழகான கோடு! எண்ணிப் பார்த்தேன். ஏழு வாரம் கடந்திருக்கிறது. எட்டாவது வாரமாக இருக்கலாம். அப்போது அவளுக்கு என்ன ஆயிற்று?"

"ஒன்றும் இல்லை," என்றேன்.

"ஒரு சின்னக் காய்ச்சல்?"

"இல்லை."

"அப்படியானால் இன்னும் சுவாரசியம்," என்று அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். ஒன்றும் ஆகாமலே இப்படி ஒரு கோடு விழுமானால், சுண்ணாம்பு நிறைந்த அந்த ஊர்த் தண்ணீர்தான் காரணமோ, அதை ஒரு கட்டுரையில் குறிப்பிடலாமோ என்று தனக்குள் பேசிக்கொண்டே போனார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர்போலக் கண்டுபிடித்துவிட்டு என் வாயைக் கிண்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அவர் முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. திட்டியிருந்தால் அழுதுவிட்டாவது வந்திருப்பேன்.

அது ஐம்பத்திரண்டாம் நாள். எனக்கு எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. திருச்சியில் எம்.எஸ்ஸி. செய்முறைத் தேர்வு இரண்டு நாள். உடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் எழுதலாம் என்று என் கணவர் கடிதம் போட்டிருந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அக்காவும், "போயி எழுதிட்டு வா. எம்புள்ளையோட இதுவும் ஒண்ணு, நான் பாத்துக்க மாட்டனா?" என்றாள். ஒரு பால்டின்னும் ஒரு புட்டியும் வாங்கி வைத்துவிட்டுப் போனேன். தேர்வறையில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொட்டுகளை எண்ணினேன். பத்து புள்ளி இரண்டு, மூன்று முறை. இரண்டாம் நாள் சாயங்காலம் தேர்வு முடிந்ததும் நேரே கல்லங்குறிச்சிக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் பெரம்பலூரிலிருந்து மாமனார், பரீட்சை முடிந்ததும் இங்கே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகவும் என்று கார்டு போட்டிருந்தார். ஆகவே பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். வழியில் பாடாலூரில் பஸ் நின்றபோது இறங்கிக் காப்பி குடித்தேன். நன்றாக எழுதிய சந்தோஷத்தில் நிதானமாக, ஆற்றி ஆற்றிக் குடித்தேன். அந்தக் காப்பியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்று ராத்தங்கி, மறுநாள் மாமியாருக்குச் சமையலில் கூடமாட இருந்துவிட்டு, அரியலூர் பஸ் பிடித்து நடுப்பகலில் வந்து சேர்ந்தேன்.

குழந்தையின் உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. அக்கா என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். "தந்தி குடுத்தா பாதிப் பரீட்சையில ஓடியாந்துடுவியேன்னு குடுக்கலடி. காலையில நின்னுடும், நின்னுடும்னு பாத்தேன்." அக்காவின் வீட்டுக்காரர் சாலைக்கு ஓடி, சிமெண்டு ஆலைக்குக் கல் ஏற்றிப் போன லாரியை மறித்தார். டிரைவர், "ஏறுங்கம்மா, ஏறுங்க, கேட்டுக்கிட்டு நிக்காதீங்க," என்று கத்தினார். அரியலூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அந்தச் சின்னக் காலில் நரம்பைத் தேடி ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றினார். சாயங்காலம் ஆனதும் குழந்தை சிணுங்கியது. ஒரு வாரம் கழித்து என் கணவருக்கு எழுதினேன்: தேர்வு எழுதினேன், நன்றாக எழுதியிருக்கிறேன், குழந்தை நலம், அக்காவிடம் அழாமல் இருந்தாள். அதுவும் ஒரு ரெக்கார்டு நோட்டுதான்.

டாக்டர் மார்ஜரியின் அறையில் படிவம் மேசைமேல் கிடந்தது. என் கையெழுத்து எனக்கே அழகாகத் தெரிந்தது. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஒரு பழி வரப்போகிறது என்பது ஒரு பக்கம். கீழ்மாடியில் மலரின் சிரிப்புச் சத்தம் படியேறி வந்தது இன்னொரு பக்கம். "நான் எழுதியது தப்பு," என்றேன். சொன்னேன். என் ஆங்கிலத்தில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது, லாரி எதற்கு என்று இரண்டு முறை கேட்டார். ஆனால் கடைசியில் என் முழங்கைமேல் கை வைத்தார். நான் படிவத்தை எடுத்து ரப்பரைத் தேடினேன், புதுப் படிவம் இருந்தால் சுத்தமாக எழுதித் தருகிறேன் என்றேன். அவர் பதறிப்போய்த் தடுத்தார். "அழிக்கக் கூடாது. அதன்மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள், கீழே இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்." அடித்தலுக்கு மதிப்பெண் குறையாத ஒரு நாட்டை அன்றுதான் பார்த்தேன். என் கை கோணிக்கொண்டு போயிற்று. தண்ணீர், தாய்ப்பால், வேறு பால், நோய் என்று நான்கு இடங்களில் கோடு, நான்கு கையெழுத்து.

கீழே போய் அந்தப் படிவத்தை என் கணவரிடம் நீட்டினேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் நின்றபடியே படித்தார். அடித்ததையும் படித்தார், பக்கத்தில் எழுதியதையும் படித்தார்.

"எத்தனாவது நாளு?"

"அம்பத்திரெண்டு."

திட்டுவார், அல்லது அக்காவைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அலமாரியைத் திறந்து பழைய ஆராய்ச்சி நோட்டு ஒன்றை எடுத்தார். மலரின் பிறந்த தேதியைக் கேட்டு, விரல்விட்டு எண்ணிப் பக்கத்தைப் புரட்டினார்.

"அன்னிக்கு மூணு கட்டி ஒடச்சிருக்கேன்," என்றார். "ரிசல்ட்டு ரொம்ப நல்லா வந்துருக்கு. ஓரத்துல 'சந்தோஷம்'னு எழுதி வச்சிருக்கேன் பாரு."

"நானும் பாடாலூர்ல காப்பி குடிச்சேங்க."

அவர் மலரைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்து, "வாயத் தொற," என்றார். பொக்கையாக இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். அவள், "அப்பா, போதும், வாய் வலிக்குது," என்கிறவரை பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், நான் பெரம்பலூருக்குப் போன கதையையும் கேட்டுவிட்டு, "எங்கப்பா அந்தக் கார்டு போட்டிருக்கக் கூடாது," என்றார். பத்தடி போனபின், "நான் அங்க இருந்திருக்கணும்," என்றார். அதற்கு மேல் இன்றுவரை எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருக்குமா, இதுவே நல்லதா என்று நான் தினமும் யோசிக்கிறேன். ஆனால் மலர் எத்தனை வயது என்று இப்போது யாராவது கேட்டால், வருஷமும் மாதமும் நாளும் சொல்லி எதிராளியைச் சலிக்கவைக்கிறார்.

அறுத்ததில் மிஞ்சிய பாதிப் பல்லை டாக்டர் மார்ஜரி அந்தப் பழுப்பு உறையிலேயே போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதை நடந்ததெல்லாம் எழுதிய கடிதத்துடன் அக்காவுக்கு அனுப்பினேன். சுங்கத்தில் யாரும் பிடிக்கவில்லை. போன வாரம் பதில் வந்தது. ஆறு வருஷமாக என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று அவளும் பயந்துகொண்டிருந்தாளாம். பல்லைச் சாணியில் உருட்டி எறிந்தாளாம். ஆனால் இப்போது அவள் வீட்டில் கூரையை எடுத்துவிட்டுச் சிமெண்டுத் தளம் போட்டாகிவிட்டது. "போட்டது கைப்பிடிச் சுவருல பட்டு மறுபடி வாசல்லயே வந்து விழுந்துடுச்சுடி. மூணு தடவ போட்டேன், மூணு தடவயும் வந்துடுச்சு. கடைசியில ஏணி வச்சு ஏறி, கைப்பிடிச் சுவரு மூலையில வச்சுட்டு வந்துருக்கேன்," என்று எழுதியிருக்கிறாள்.

மற்ற பாதி இங்கே கண்ணாடிச் சில்லில் ஒட்டி, எண் போட்டு, மேல்மாடி இழுப்பறையில் இருக்கிறது. ஐம்பத்திரண்டாம் நாள் அந்தப் பாதியில் இருக்கிறதா, மொட்டைமாடி வெயிலில் காயும் பாதியில் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டேன். இரண்டிலும்தான் என்றார்.