அருமைநாயகத்தின் விண்ணப்பம்

வாவிக்குள் நட்டிருந்த அளவுகம்பத்தில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நீர்மட்டம் பார்த்துக் கொப்பியில் குறிப்பதுதான் தன்னாமுனை அருமைநாயகத்தின் அரசாங்க உத்தியோகம். பார்க்க ஒரு நிமிடம், எழுத ஒரு நிமிடம். அவரோ அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நிற்பார். காற்றே இல்லாத நாளிலும் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறும். பிறகு இறங்கும். பதினான்கு பதினைந்து நிமிடத்தில் மறுபடி ஏறும், நித்திரையில் கிடக்கும் பெரிய உடம்பொன்றின் மூச்சைப்போல. அது ஏன் என்று கேட்க அந்தக் கரையில் ஆளில்லை. காவலரணில் நின்ற சிப்பாய்களுக்கு அவர் கையில் கடமைக் கடிதம் வைத்திருக்கிற, தீங்கில்லாத மனிதர். அவ்வளவுதான்.

எண்பத்துமூன்றில் பேராதனையில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்து ஐந்தே மாதம் இருந்தார். ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஊர் வந்தவர் திரும்பிப் போகவேயில்லை. இப்போது தொண்ணூற்றெட்டு. வயது முப்பத்தாறு. பௌதிகவியல் மட்டும் அவரை விட்டுப் போகாமல் எங்கோ உள்ளே கிடந்தது.

பட்டணத்து நூலகத்தில் உலகப் பல்கலைக்கழகங்களின் விலாசங்கள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து மூன்று வருடமாகக் கடிதம் எழுதினார். இங்கிலாந்து கேட்ட கட்டணத்துக்குக் கிரானில் ஒரு வட்டை வயல் முழுவதையும் வாங்கிவிடலாம். இன்னொரு நாடு வயது கூடிவிட்டது என்றது. வேறொன்று, முதல் ஒரு வருடம் எங்கள் மொழியைப் படி என்றது. மறுத்தவர்களும் வழவழப்பான கையேடுகளை மறக்காமல் அனுப்பினார்கள். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பனி மூடிய நூலகத்தின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, கசங்காமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அன்று முழுவதும் அருமைநாயகத்துக்கு ஒரே யோசனை. மேலே உறைந்துபோன ஏரி அடியில் மூச்சு விடுமா?

"இந்தக் காயிதமெல்லாத்தையும் வித்தா ஒரு வருசத்துக்குக் கச்சான்கடலை சுத்தலாம்" என்பாள் தையல் மெசினுக்குப் பின்னாலிருந்து மனைவி மங்கையற்கரசி. சொல்லிவிட்டு, வந்த கையேட்டை முதலில் விரித்துப் பார்ப்பவளும் அவள்தான்.

கடைசியில் ஜெர்மனியின் வடகரை நகரமொன்றிலிருந்து பதில் வந்தது. பௌதிகவியலை ஆங்கிலத்திலேயே படிப்பிக்கும் வகுப்பைப் புதிதாகத் தொடங்குகிறோம், கட்டணமில்லை, வயதெல்லையும் இல்லை, ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று தட்டச்சில் எழுதி அனுப்புங்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு வருடத்துக்குத் தானே பொறுப்பு என்று சுவிஸிலிருந்த மங்கையின் அண்ணன் எழுதினார். கீழே ஒரு வரி: 'மச்சான் வாறது படிக்கவோ, பகிடிக்கோ?'

தட்டச்சுக்குக் காத்தான்குடி பதியுதீன் காக்காவை விட்டால் ஆளில்லை. சவூதியில் கிளார்க்காக இருந்து வந்தவர், சுத்தமான ஆங்கிலம். ஆனால் அவரது கடைக்குப் போய்வர மூன்று சாவடி தாண்ட வேண்டும். மாலை ஆறுக்கு அருமைநாயகம் கம்பத்தடியில் நிற்கவும் வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, எழுதாத தாளின் அடியில் ஒப்பம் வைத்துவிட்டு வந்தார். அடித்து, ஒட்டி, பதிவுத் தபாலில் போடுவது பதியுதீனின் பாடு.

மூன்று மாதம் கழித்து, ஜூலை முதலாம் தேதி, பதில் வந்தது. உறைக்குள்ளிருந்து முதலில் விழுந்தது தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுப் பிரசுரம். 'அகதித் தஞ்சம் கோருவோருக்கு' என்று தலைப்பு. கடிதம் மிகுந்த பரிவோடு இருந்தது. 'உங்கள் உயிருக்கு உள்ள ஆபத்தை அறிந்து வருந்துகிறோம். உங்கள் விண்ணப்பத்தை அகதிகளுக்கு உதவும் அலுவலகத்துக்கு மாற்றியுள்ளோம். உண்மையில் படிக்கத்தான் விரும்புகிறீர்களாயின், ஜூலை பதினைந்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.'

தபால் போய்ச் சேரவே பதினைந்து நாளாகும். அருமைநாயகம் சைக்கிளை எடுத்தார்.

பதியுதீன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த உயிராபத்துப் பந்தி எல்லாருக்கும் போடுறதுதானே, தம்பி. பதினொரு வருசமா அது இல்லாம ஒரு கடிதமும் இந்தக் கடையால வெளிக்கிட்டதில்ல. ஒனக்கு மட்டும் போடாம உட்டா, நாளைக்கு நீ வந்து ஏன் போடல்லண்டு கேப்பாய் எண்டுதான்..."

"நான் தண்ணியப் பத்தி நாலு பக்கம் எழுதித் தந்தனே, காக்கா?"

"அத ரெண்டு வரியாச் சுருக்கிட்டன். வெளிநாட்டுக்காரனுக்கு நம்மட தண்ணி என்னத்துக்கு?" அவர் குரல் தாழ்ந்தது. "பொய்யா எழுதினன்? சொல்லு. ஒனக்கு உயிராபத்து இல்லையா?"

தெருவில் ஒரு டிரக் போய் முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"பொய்யில்ல, காக்கா. ஆனா நான் அதுக்குப் போகல்ல."

"மறுகா எதுக்குப் போறாய்?"

"படிக்க."

"முப்பத்தாறு வயசில?"

"ஓம்."

"அல்லாவே! ஒனக்கு உயிராபத்த விடப் பெரிய ஆபத்துப் புடிச்சிருக்கு" என்று பதியுதீன் மெசினுக்குள் புதுத்தாள் ஒன்றைச் செருகினார். "சொல்லு, உன்ட தண்ணியச் சொல்லு. ஒரு எழுத்தும் சுருக்க மாட்டன்."

அருமைநாயகம் பக்கத்தில் நின்று சொன்னார். காற்றில்லாத காலைகள், ஒரு விரற்கடை, பதினைந்து நிமிடம். அக்கரையில் ஏறும்போது இக்கரையில் இறங்க வேண்டும் என்ற ஊகம். அக்கரைக்குப் போய்ப் பார்க்க அனுமதி கிடைக்காததால் அது இன்னும் ஊகமாகவே இருப்பது. ஓடும் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. "இவ்வளவு காலமா அதுக்குப் பக்கத்திலதானே இருக்கிறன்," என்றார் பதியுதீன், "ஒரு நாளும் பாக்கல்லையே, தம்பி." பிறகு தொடர்ந்து அடித்தார். அருமைநாயகம் முழுவதையும் வாசித்த பின்னரே கையெழுத்திட்டார்.

அடுத்த நாள் காலை பதியுதீனே அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விரைவுத் தபாலில் சேர்த்தார். செலவு பற்றி வாய் திறக்க விடவில்லை.

ஆவணி முடியும்போது இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, வரும் சித்திரையிலிருந்து அருமைநாயகத்துக்கு இடம் உண்டு என்ற அனுமதி. மற்றது ஒரு பேராசிரியை கையால் எழுதியது. 'உங்கள் வாவியின் அகலத்தைத் தேசப்படத்தில் அளந்தேன். ஆழம் ஓராள் அளவென்றால் உங்கள் பதினைந்து நிமிடம் சரிதான். நாள்தோறும் எடுத்த அளவுகள் அத்தனையையும் கொண்டு வாருங்கள்.'

மங்கையற்கரசி அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். "படிப்பு நாலு வருசமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு. முடிஞ்சதும் வந்திருவன்."

"வராட்டி நான் அங்க வந்து கூட்டிட்டு வருவன். எனக்கும் அந்தப் பனியப் பாக்கணும்."

கொப்பிகள் அரசாங்கத்தின் சொத்து, கொண்டுபோக முடியாது. ஆகவே பிரதி எடுக்க உட்கார்ந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அவள் வாசிப்பாள், அவர் எழுதுவார். நாட்கள் போகப் போக அவள் குரலே ஏறி இறங்கத் தொடங்கியது. மாரியில் மூன்றடி, நான்கடி. கோடையில் ஒன்றரை. கடலுக்கு முகத்துவாரம் வெட்டிவிட்ட வருடங்களில் ஒரே நாளில் விழுந்த மட்டம். நான்காவது கொப்பியில் நிறுத்தினாள்.

"இஞ்சருங்க, தொண்ணூறு ஆனி பத்தோட நிக்கிது. மறுகா ஆவணி வரைக்கும் ஒண்டுமில்ல."

"அப்ப அகதி முகாமில இருந்தம்."

"ஏன் ஒண்டும் இல்லையெண்டு கீழ ஒரு வரி எழுதுவமா?"

யன்னலுக்கு வெளியே வாவி வெயிலில் அசையாமல் கிடப்பதுபோல் இருந்தது.

"வேணாம். அளக்கல்ல எண்டு மட்டும் எழுதுறன். கேட்டாச் சொல்லுவன்."

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"புரட்டாதி ஒண்டு. காலம ரெண்டடி மூண்டங்குலம்."

அவர் எழுதினார்.