என் மூக்கும் அந்தப் பழைய காரும்

என் மகள் பழைய கார் ஒன்றை வாங்கி, திருப்பதியிலிருந்து சித்தூருக்கு ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ம்மா, நாளைக்கு பாப்பாவை ஏத்திக்கினு மலைக்குப் போறேன். பெட்ரோல் வாசனை ஒரு தடவ வர மாதிரி கீது, ஒரு தடவ இல்ல. நீ மோந்து பாத்து சொல்லிடு." எங்கள் வீட்டில் என் மூக்குக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

இவள் வயிற்றில் இருந்தபோது எங்களிடமும் ஒரு பழைய கார் இருந்தது. புதிதாகக் கல்யாணமான நாளில் என்னைக்கூட என் கணவர் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில்லை. உறவுக்காரர் யார் வந்தாலும் திருமலைக்கு அந்தக் கார்தான். மலைப்பாதையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறும். உடனே ஹீட்டரைப் போடுவார். சூடு எங்கள் பக்கம் வந்துவிட்டால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளுமாம். சித்திரை வெயிலில் நாங்கள் வெந்துகொண்டே கோவிந்தா போடுவோம். ஹீட்டர் போட்டால் வெல்லப்பாகு மாதிரி ஒரு தித்திப்பு வாசனை வரும், கண்ணாடியில் பிசுபிசுவென்று ஏதோ படியும். கேட்டால், "லட்டு வாசனை" என்பார். இறங்கும்போது மடியில் லட்டு இருந்தது வாஸ்தவம்தான். ஏறும்போது ஏது லட்டு?

பெட்ரோல் வாசனை இன்னும் மோசம். டேங்க்கை நிரப்பிக்கொண்டு மேட்டில் ஏறினால் பின்சீட்டில் குப்பென்று அடிக்கும். சமதரையில் இருக்காது, பாதி டேங்க்கில் இருக்காது. இதை நான் படித்துப் படித்துச் சொன்னேன். "மசக்கைல சோறே நாறும், காரு நாறாதா?" என்றார் மாமியார். மெக்கானிக், காலி டேங்க்கோடு சமதரையில் நிறுத்தி மோந்துவிட்டு, "ஏமீ லேது மேடம், ஒண்ணும் இல்ல. மாசமா இருந்தா அப்டித்தான்" என்றார். சீட்டைக் கழற்றிப் பார்க்கவேண்டியவர்கள் எல்லாரும் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் என்னதான் செய்வது?

கடைசியில், எல்லாம் கண் திருஷ்டி என்று முடிவாயிற்று. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை. சாமி முன்னால் குறை வண்டியாக நிற்கக் கூடாது என்று வழியிலேயே டேங்க்கை வழிய வழிய நிரப்பினார் என் கணவர். கோயிலுக்குப் பக்கத்தில் மேடான இடம்தான் கிடைத்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அர்ச்சகர் பூசணிக்காய்மேல் கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றி வந்தார். அவர் பின்பக்கம் திரும்பும்போது கீழே பார்த்தேன். பின்சக்கரத்து எலுமிச்சம்பழம் ஈரமாக இருந்தது, மேலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்துவிட்டேன்.

"சாமி கற்பூரத்தை வாயால ஊதறாளே, இன்னா பொண்ணு இவ" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். என் கணவர் மட்டும் குனிந்து அந்தப் பழத்தை எடுத்து மோந்தார். "பெட்ரோலுதான்" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் பூசணிக்காயைப் பிடுங்கி நானே உடைத்திருப்பேன்.

மறுநாள் சீட்டைக் கழற்றினால், டேங்க்குக்குப் பெட்ரோல் இறங்கும் ரப்பர் குழாய் வெடிப்பு விட்டிருந்தது. முன்சீட்டுக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினால் அடியில் பச்சைத் தண்ணீர். ஹீட்டரிலிருந்து கசிந்த கூலன்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்; அந்தத் தித்திப்பு வாசனை அதுதான். லட்டுக்காரர் அதைத் துடைக்கத் துணி தேடப் போனார். அதற்கப்புறம் பால் திரிந்தாலும் கேஸ் கசிந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்.

அந்தக் கார் போயிற்று. மாமியார் போனார், என் கணவரும் போய்விட்டார். போன மாதக் காய்ச்சலில் என் மூக்கும் போய்விட்டது. காபியும் வெந்நீரும் எனக்கு இப்போது ஒன்றுதான். வெட்கமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

மகளுக்காகக் குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தேன். பானெட்டுக்குள் ஒன்றுமில்லை, பெட்ரோல் மூடி பக்கத்திலும் ஒன்றுமில்லை. "எனக்கு வாசனையே தெரியலடி. மூக்கு போயிடுச்சு" என்றேன்.

சிரித்தாள். "உன் மூக்காவது, போறதாவது. நான் மலைக்குப் போறது புடிக்கலன்னா நேரா சொல்லிடேன்."

மெக்கானிக் வந்து பார்க்கும்வரை கிடையாது என்று சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வாசனை வருகிறது என்றபோதும் நம்பவில்லை, தெரியவில்லை என்றாலும் நம்பமாட்டார்கள். அவர் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். ஆனால் ஒரு தடவை குனிந்து மோந்து பார்த்திருப்பார்.